நாற்பது பேருக்கும் முப்பது பெட்டி

மார்ச் 4

வாலு,

போனை எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய். சரி. குழாய் ஏற்றிக்கொண்டு எங்கள் கம்பெனி வேன் வாரம் இரண்டு தடவை உன் தோட்டத்துக்கு வருகிறது. டிரைவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது.

நான் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டுத் தக்காளி பறிக்கப் போனாயே, அதற்கு அன்று நான் போட்ட சத்தத்தில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். இது வேறு விஷயம். உங்கள் தோட்டம் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது! நாளைக் காலை உங்கள் பசுமைக்குடில் வாசலில் ஒரு தராசு வந்து உட்காரும். அது நான் வரைந்தது. ஒரு வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன். ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை. பெட்டியைத் தராசில் வைத்த நொடியில் வைத்தது யார், அது எத்தனையாவது பெட்டி, எத்தனை கிலோ, எல்லாம் வாசல் பலகையில் மின்னும். அப்படியே கம்பி வழியாக என் மேஜைக்கும் வந்துவிடும்.

உங்கள் மேனேஜர் இந்த மாசம் 28ஆம் தேதி வரை எண்ணிப் பார்க்கப்போகிறார். கடைசியில் வருகிற எட்டுப் பேருக்கு அடுத்த பருவம் வேலை கிடையாது. நீ பயப்படாதே. உன் கை வேகம் எனக்குத் தெரியும். என் முடியை எத்தனை தடவை பிய்த்திருக்கிறாய்.

தராசைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. பொய் சொல்லாமல்.

அண்ணன்


மார்ச் 7

மேதாவி அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கட் பண்ண முடியாதுதான், அடுப்புல போடலாம். போடலை. டிரைவர் முகத்தைப் பார்த்ததுமே தராசு கதை கேட்டுக் கேட்டு அவர் காதும் புண்ணாயிருக்குன்னு தெரிஞ்சது. அந்தப் பாவத்துக்காகப் படிச்சேன்.

தராசு அழகா இருக்கு. போதுமா? இப்ப என் கதையைக் கேளு. இங்க இருபது வரிசை, நாற்பது பேர். வரிசைக்கு ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். செடி தலைக்கு மேல வளர்ந்து நிக்கும். எதிர்ப்பக்கம் இருக்கறவ முகம் தெரியாது, இலை நடுவுல கை மட்டும் வந்து வந்து போகும். தன் பக்கத்தை முதல்ல முடிக்கறவ அந்தப் பக்கம் போய் மத்தவளுக்குப் பறிச்சுக் கொடுக்கணும். இதுக்குத் 'தாண்டறது'ன்னு பேர். யாரும் உத்தரவு போட்டதில்லை. இங்க வேலைன்னா அப்படித்தான்.

நான் பதினாலாம் வரிசை. என் ஜோடிக்கு ஒட்டகம்னு பேர். உயரம் அப்படி, பேரும் அவளே வச்சுக்கிட்டதுதான். இப்ப அவளுக்கு ஏழு மாசம். மேல்கொத்தை ஏணி இல்லாமலே எட்டிப் பறிப்பா, கீழ்க்கொத்துக்குக் குனிய முடியலை. அதனால ரெண்டு பக்கத்துக்கும் மேலே அவ, கீழே நான். உன் பட்டை இதை எப்படி எண்ணும்?

முந்தாநாளும் நேத்தும் குடில் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் ஓடினாங்க. ஒருத்தரும் தாண்டலை. ராக்கெட்னு ஒருத்தன் இருக்கான், நாற்பத்து நாலு பெட்டி வச்சுட்டுப் பலகை முன்னாடி ஆட்டம் போட்டான். ஒட்டகம் பத்தொன்பது. பலகையில அவ நம்பர்தான் கடைசி. மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

எட்டுப் பேர்னு கை நடுங்காம எழுதியிருக்கே. அதுல ஒருத்தி என் எதிர்ப்பக்கம் நிக்கறா. இந்தப் பருவத்தோட பேரை அடிச்சுட்டா, குழந்தை பிறந்தப்புறம் அவ திரும்பி வர இடம் கிடையாது. அதை எழுதி உன் மேஜையில ஒட்டி வை.

தங்கச்சி


மார்ச் 14

வாலு,

அவசரம். சண்டையை ஓரமாக வை.

முதல் இரண்டு நாள் எண்ணிக்கை அருமையாக வந்தது. ஒருத்தர் பத்தொன்பது, ஒருத்தர் நாற்பத்து நாலு. மனிதர்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள். ஏழாம் தேதியிலிருந்து வருவதைக் கேள். முப்பது, முப்பது, முப்பது. நாற்பது பேருக்கும் முப்பது பெட்டி! ஒருவருக்கு ஒரு நாள் இருபத்தொன்பது வந்தால் மறுநாள் அவருக்கே முப்பத்தொன்று. நாற்பது பேரைத் தும்மச் சொன்னால்கூட எண்ணிக்கை இவ்வளவு ஒழுங்காக வராது.

எங்கள் கம்பெனிப் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "தராசு செத்துப்போச்சு தம்பி" என்கிறார். என் தராசு சாகாது. இரண்டு தடவை உதிரிப் பாகம் அனுப்பி மாற்றச் சொல்லிவிட்டேன், அப்புறமும் முப்பது. இங்கே எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஒரு உதவி செய். ஒரு செங்கல்லை எடு. உன் பட்டையோடு ஒரு தடவை, ஒட்டகம் பட்டையோடு ஒரு தடவை, அந்த ராக்கெட் பட்டையோடு ஒரு தடவை தராசில் வை. பலகையில் வருவதை அப்படியே எழுதி அனுப்பு. யாருக்கும் தெரிய வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

செங்கல் வச்சேன். மூணு தடவையும் ரெண்டு கிலோ எண்ணூத்தி நாற்பது. மூணு தடவையும் சரியான ஆள் பேரு. தராசு உன்னை மாதிரியே இருக்கு, பிடிச்ச பிடியை விடாது.

யாருக்கும் தெரிய வேண்டாம்னே. நாற்பது பேரும் சுத்தி நின்னு பார்த்தாங்க. ராக்கெட் செங்கல்லுக்கு மாலை போடலாமான்னு கேட்டான்.

எல்லாருக்கும் முப்பது எப்படி வருதுன்னு கேட்கறே. நாங்க ரொம்ப ஒற்றுமையான ஆளுங்க. வேற சந்தேகம் இருந்தா எழுது.

தங்கச்சி


மார்ச் 21

திருட்டுக் கூட்டமே,

கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் பல் துலக்கும்போது பளிச்சென்று உறைத்தது. வாயில் நுரையோடு மேஜைக்கு ஓடினேன்.

தராசில் பெட்டியை வைக்கிறவர் பறித்தவர் இல்லை! வாசல் பலகையில் யார் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதோ அவர்தான் அடுத்த பெட்டியைத் தூக்கி வைக்கிறார், அது யார் பறித்ததாக இருந்தாலும். அப்படித்தானே? ஒரு நாளின் ஒவ்வொரு பெட்டியையும் வரிசையாகப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு பெட்டி, ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அடிப்பாவி, என் பலகையை வைத்தே என் பட்டையை ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபம் தலைக்கு ஏறுகிறது, சிரிப்பும் வருகிறது. கைதட்டுகிறேன். ஆனால் தோற்றுப்போனீர்கள்.

ஏனென்றால் பெட்டியில் வரிசை நம்பர் ஒட்டியிருக்கிறதே! எந்தச் செடியில் நோய் என்று பேக்கிங் ஷெட் கண்டுபிடிப்பதற்காக ஒட்டுவது. அதை மாற்ற உங்களுக்குத் தோன்றவில்லை. தராசு அதையும் படிக்கும். இருபது வரிசைக்கும் உண்மையான எண்ணிக்கை இப்போது என் கையில். கடைசி நாலு வரிசை, நாலு ஜோடி, எட்டுப் பேர். கச்சிதம்.

இனி கெட்ட செய்தி. பதினாலாம் வரிசை பதினெட்டாவது இடம். அந்த எட்டில் நீயும் இருக்கிறாய். பட்டியல் 28ஆம் தேதிதான் போக வேண்டும். அதற்குள் வேறு வரிசைக்கு மாறிக்கொள். மேனேஜரிடம் நானே பேசுகிறேன். மறுபேச்சு வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

உன் கடிதத்தை ஒட்டகத்துக்குப் படிச்சுக் காட்டினேன். வரிசை மாறிக்கோன்னு நீ எழுதின இடத்துல, "போயேன், உங்க அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்றார்"னா. அவ அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரத்துல உன்னை நேர்ல பார்த்திருந்தா செங்கல் எதுக்குப் பயன்பட்டிருக்கும்னு தெரியாது.

ஆமா, ஏமாத்தினோம். முதல் ரெண்டு நாள் பார்த்துட்டு மூணாம் நாள் காலையில தண்ணித் தொட்டிகிட்ட நின்னு அஞ்சே நிமிஷத்துல முடிவு பண்ணினது. ஆமா, ஒட்டகம் இப்ப மெதுவாத்தான் பறிக்கறா. நான் இங்க வந்த புதுசுல என்ன பண்ணினேன் தெரியுமா? காம்போட பிய்ச்சேன், காயைப் பறிச்சேன், அரை நாள்ல கை வீங்கிடுச்சு. மூணு வாரம் என் பக்கத்தையும் அவதான் பறிச்சா. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்லை. உன் தராசு அப்பவே இருந்திருந்தா முதல்ல நான்தான் வெளியே போயிருப்பேன். பக்கத்துத் தோட்டத்துல போன வருஷம் இப்படித்தான் கடைசி ஆளுங்களைக் கழிச்சாங்க. இந்த வருஷம் மிச்சப் பேரும் வரலை. பழம் செடியிலயே வெடிச்சுத் தொங்குது, போய்ப் பாரு.

நியாயம் உன் மண்டையில ஏறாது, எண்ணிக்கைதான் ஏறும்னு தெரியும். அதனால எண்ணிக்கை அனுப்பறேன். நீ வாசலோட எண்ணறதை நிறுத்திட்டே. பெட்டி அங்கிருந்து பேக்கிங் ஷெட்டுக்குப் போகுது. நசுங்கினது, கீறினது, காய் எல்லாம் அங்க கழிச்சுக் குழியில கொட்டறாங்க. ஷெட்டுல இருக்கற அக்கா தினமும் வரிசை வாரியாக் கரும்பலகையில கோடு போட்டு, அப்புறம் நோட்டுல எழுதி வைப்பாங்க. நோட்டை அப்படியே பார்த்து எழுதி இதோட வச்சிருக்கேன். முதல்ல அந்த ஓடின ரெண்டு நாளைப் படி. அப்புறம் பதினாலாம் வரிசையைப் படி.

தங்கச்சி


மார்ச் 25, மத்தியானம்

வாலு,

டிரைவரைச் சாப்பிடக்கூட விடாமல் திருப்பி அனுப்புகிறேன். மோட்டார் ஒன்று அவசரமாகப் போக வேண்டும் என்று புளுகினேன். வேனில் இருக்கும் மோட்டார் ஓடாது. கண்டுகொள்ளாதே.

நோட்டைப் படித்தேன். ஓடின இரண்டு நாளில் ஒரு நாளைக்கு வாசலைத் தாண்டியது ஆயிரத்து நானூற்று இருபது பெட்டி, குழிக்குப் போனது முந்நூறு. நல்ல பெட்டி ஆயிரத்து நூற்று இருபது. நீங்கள் ஏமாற்றின நாட்களில் ஒரு நாளைக்குப் போனது ஆயிரத்து இருநூறு, கழிந்தது நாற்பத்து நாலு. நல்லது ஆயிரத்து நூற்று ஐம்பத்தாறு! வேகமாக ஓடியதில் தோட்டத்துக்கு நஷ்டம்! பதினாலாம் வரிசையில் ஏழாம் தேதிக்குப் பிறகு கழிந்தது மொத்தமே நாலு பெட்டி. நான் ஒரு வருஷம் உட்கார்ந்து பாதித் தராசு செய்திருக்கிறேன். மறுபாதியை ஷெட் அக்கா சாக்பீஸால் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது என்னைத் திட்டு. பட்டியலை நான் 22ஆம் தேதியே அனுப்பிவிட்டேன். 28 வரை நேரம் இருந்தது. கண்டுபிடித்த குஷியில் கை நிற்கவில்லை. உன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், எடுக்கவில்லை. அதில் பெருமைப்பட ஏதுமில்லை.

மேனேஜர் 28ஆம் தேதி காலை எட்டு மணிக்கு உங்களை நிற்கவைத்து எட்டுப் பெயரைப் படிக்கப்போகிறார். பெரியவர் போகக் கூடாது என்கிறார், கம்பெனி தலையிடாதாம். வருகிறேன். ஒட்டகத்திடம் ஒன்றும் சொல்லாதே. இல்லை, சொல். நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

நீ வந்து போன மூணு நாளா இங்க வேற பேச்சே இல்லை. வந்த வேகத்துல தண்ணிக் குழாய் தடுக்கி விழுந்ததை யாரும் பார்க்கலைன்னு நினைக்காதே. நாற்பது பேரும் பார்த்தாங்க. ஆனா எந்திரிச்சு, முட்டியில சேறோட மேனேஜர்கிட்டப் போய், "நான் கொடுத்த பட்டியல் சரி, ஆனா நான் எண்ணினது தப்பு"ன்னே பாரு, அப்ப ஒருத்தரும் சிரிக்கலை. நீ காட்டின ஷெட் நோட்டைப் பார்த்துட்டு மேனேஜர் கையில இருந்த தாளை ரெண்டா மடிச்சுப் பையில வச்சதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஆனா அவர் சும்மா விடுவாரா? "ரெண்டு நாள் கணக்கை வச்சு நான் நம்ப முடியாது, ஆறு நாள் சோதனை வைங்க"ன்னதும், நீ பாட்டுக்கு "வைங்க"ன்னுட்டே. எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? ஆரம்பிச்சாச்சு. ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் ஆளாளுக்கு எண்ணிக்கை, தாண்டக் கூடாது. பதினொன்னுலேருந்து இருபது வரைக்கும் ஜோடியா எண்ணிக்கை, தாண்டலாம். எந்தப் பக்கம் நல்ல பெட்டி அதிகமோ அந்த வழிதான் இனிமே. எங்க பக்கம் தோத்தா மடிச்ச தாளை மறுபடியும் பிரிப்பார்.

ராக்கெட் ஓடற பக்கம். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, மறைக்க மாட்டேன்"னான். நல்லவன்தான், ஆனா கால்ல சக்கரம். நேத்து அவங்க எழுநூத்தி முப்பது. நாங்க அறுநூறு. மத்தியானம் பலகையைப் பார்த்துட்டு ஒட்டகம், "நான் ரெண்டு நாள் வராம இருந்துட்டா உங்க பக்கம் ஜெயிக்குமா?"ன்னு கேட்டா. "வந்து நில்லு, இல்லைன்னா உன்னைத் தூக்கிட்டு வருவேன்"னேன். "என்னையா? தூக்குவியா?"ன்னு இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. இலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து அப்புறம் ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம்.

எனக்குப் பயமா இருக்கு அண்ணா.

தங்கச்சி


ஏப்ரல் 4

வாலு,

நாலு நாள் எண்ணிக்கை வாசலிலிருந்து வந்துவிட்டது. அவர்கள் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. நீங்கள் இரண்டாயிரத்து நானூறு. நானூற்று ஐம்பது பெட்டி பின்தங்கி இருக்கிறீர்கள். இதைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கடித்தேன், இப்போது பென்சில் இல்லை. கழிவு எவ்வளவு என்று இங்கே தெரியாது. ஷெட் இரண்டு நாள் பின்னால் ஓடுகிறதாம், சனிக்கிழமைப் பெட்டி திங்கள்தான் பிரியுமாம். இவ்வளவு நாள் மனிதர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள், எண்ணிக்கை உடனே தெரியாமல்?

அவர்கள் பக்கம் கழிவு ஐந்தில் ஒன்றுக்குக் குறைந்தால் நீங்கள் தோற்பீர்கள். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே விடை.

தெரிந்துகொள்: பட்டை வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு பிரிக்கிறேன். பெரியவர் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கு தம்பி புது வேலை?" என்கிறார். பரவாயில்லை. நட்டைப் பிரிக்கும்போது ஒரு யோசனை. பட்டையே இல்லாமல், ஷெட்டில் கழிவை மட்டும் அன்றன்றைக்கே எடை போட்டு வரிசைக்குச் சொல்லும் தராசு. தப்பு எங்கே என்று பறிக்கிறவர்களுக்கே தெரியும், ஆளைப் பிடித்துத் தரத் தேவையில்லை. ஷெட் அக்காவிடம் கேள், அவர் சரி என்றால்தான் வரைவேன். கேட்காமல் வரைந்த தராசு ஒன்று போதும்.

நீ செய்கிற வேலையைப் பற்றி அன்று கத்தினேன் அல்லவா. அதில் பாதி வாபஸ். மீதியை நேரில் வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்.

திங்கட்கிழமை நான் சாப்பிடப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா! அண்ணா!

முதல்ல சாப்பிடு. அப்புறம் படி. இல்லை, முதல்லயே படி.

ஓடின பக்கம் வாசலைத் தாண்டினது நாலாயிரத்து இருநூத்தி அறுபது. குழிக்குப் போனது எண்ணூத்தித் தொண்ணூறு. எங்க பக்கம் மூவாயிரத்து அறுநூத்திப் பத்து, குழிக்கு நூத்தி முப்பது. நீயே கழிச்சுக்கோ, உனக்கு அதுல சந்தோஷம். சரி, நானே சொல்றேன், பொறுக்கலை. நூத்திப் பத்துப் பெட்டி அதிகம்! ஷெட் அக்கா கரும்பலகையில கடைசிக் கோடு போடறப்ப சாக்பீஸ் உடைஞ்சுடுச்சு, மிச்சத் துண்டை வச்சுக் கூட்டினாங்க. ஒரு தடவை கூட்டினது போதாதுன்னு மேனேஜர் மறுபடியும் கூட்டச் சொன்னார். அப்புறம் அவரே ஓடின வரிசைங்களுக்கு நடுவுல நடந்து போய்ப் பார்த்தார். பதினேழு செடியில தண்டு பிளந்து கிடந்தது, அவசரத்துல பிடுங்கினது. அதுல அடுத்த வாரம் பழமே வராது. அதை யாரும் கணக்குல சேர்க்கவே இல்லை.

ராக்கெட் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான். "நாற்பத்தாறு வரைக்கும் போனேன், அதை யாராவது எழுதி வைங்களேன்"னான். ஷெட் அக்கா எழுதி வச்சாங்க. அப்புறம், "முடிச்சதும் நான் எத்தனை வரிசை வேணும்னாலும் தாண்டலாமா?"ன்னு கேட்டான். தாண்டுடா, யார் வேண்டாம்னா!

நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சதும் மேனேஜர் எல்லாரையும் வாசல்ல நிக்கச் சொன்னார். பையிலேருந்து ஒரு தாள் எடுத்தார். அதே தாளோன்னு எட்டிப் பார்த்தேன். இல்லை, புதுசு. அடுத்த பருவத்துக்கான பேர், ஜோடி ஜோடியா. நாற்பது பேரும். ஒன்னாம் வரிசையிலேருந்து படிச்சுக்கிட்டே வந்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கூச்சல். பதினாலு வந்ததும் என் பேரைப் படிச்சார், ஒட்டகத்தோட நிஜப் பேரைப் படிச்சார். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "குழந்தை பிறந்து அவங்க திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்துக்கு வேற ஆள் போடலை. முடிச்சவங்க தாண்டி வந்து பறிச்சுக் கொடுங்க"ன்னார். அப்புறம் நாங்க போட்ட சத்தத்துல பதினஞ்சாம் வரிசை பேர் யாருக்கும் கேட்கலை. திரும்பப் படிக்க வேண்டியதாப் போச்சு.

ஒட்டகம் கவுத்துப் போட்ட பெட்டி மேல உட்கார்ந்திருந்தா. எந்திரிச்சு உள்ளே போனா. நானும் பின்னாடியே போனேன். எங்க வரிசையில அவ பக்கம் நின்னுக்கிட்டு, கை நீட்டி மேல்கொத்துலேருந்து நல்லாப் பழுத்ததா ஒன்னு பறிச்சா. தராசை அணைச்சாச்சு, ஷெட்டும் மூடியாச்சு. காலிப் பெட்டி ஒன்னை இழுத்து அதுல வச்சா.

"இதை எந்தக் கணக்குல சேர்க்கறது?"ன்னு கேட்டேன்.

"நாளையதுல"ன்னா.

தங்கச்சி